சோற்றுப் பாத்திரத்தில் எல்லை கடந்த ஹார்டு டிஸ்க்

நான் ஓய்வு பெற்ற கல்லூரியின் கணினிக்கூடத்திலிருந்து ஆல்பின் போன மாதம் கூப்பிட்டான். என் நாற்காலியில் இப்போது இருக்கிறவன், கெட்டிக்காரன். ஒரு மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து நிறுவினானாம். டிஸ்க்கைப் பிரிக்க ஒரு கோட்டை மவுஸால் பிடித்து இழுத்தானாம், அவ்வளவுதானாம். பிறகு கேட்டான்: "மேடம், இதுக்குப் போயி நீங்க அந்தக் காலத்துல எதுக்கு அவ்வளவு சத்தம் போட்டிய?"

நான் சத்தம் போட்டதை அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. போட்டது உண்மை. நினைக்கும்போது இன்றைக்கும் போடத் தோன்றுகிறது. ஃபோனில் ஆரம்பித்திருந்தால் அவன் அன்றைய வேலையைச் செய்திருக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாகட்டும். ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டாரில், அதாவது முதல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டில், கடைசிக்குச் சற்று முன்னால் அறுபத்து நான்கு பைட் உண்டு. பதினாறு பதினாறாக நான்கு வரி. இந்தப் பகுதி இங்கே தொடங்குகிறது, இவ்வளவு நீளம், இதில் இருப்பது இன்ன வகை. டிஸ்க்கில் உள்ள அத்தனையும் இந்த நான்கு வரியை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. வரி போனால் உள்ளே இருப்பது அழியாது. ஆனால் எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தைக் காலியிடம் என்று நினைத்து எவராவது எழுதத் தொடங்கும்போதுதான் அழிவு. இந்த வேறுபாட்டை மேலதிகாரி ஒருவருக்குப் புரியவைக்க முயன்றதில்தான் என் இளமை கழிந்தது.

பாறசாலைக்குப் பக்கத்து ஊர் எனக்கு. மிஷன் பள்ளி, நாகர்கோவிலில் இயற்பியல், திருவனந்தபுரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் விற்றுப் பழுது பார்க்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் சர்வீஸ் என்ஜினியராகச் சேர்ந்தேன். வாடிக்கையாளர் அலுவலகத்தில் நான் திருப்புளியோடு போய் நின்றால், "மெக்கானிக்கு பொறவு வருவானா?" என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் கோபப்பட்டு நேரத்தை வீணாக்கியதில்லை. கோபத்துக்கு வேறு தகுதியானவர்கள் இருந்தார்கள்.

சர்வீஸ் மேனேஜர் சுகுமாரன் சார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், பையில் ஏலக்காய். அவர் கீபோர்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வேலை செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஸ்கூட்டர் சாவியைக் குலுக்கிக்கொண்டே திரையைப் பார்ப்பார். ஏலக்காய் மணம் வந்தால் பின்னால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். ஒரு வேலைக்குப் பத்துப் படி இருந்தால் ஆறாவது படியில் சாவிச் சத்தம் நிற்கும். "அது மதி" என்பார். மலையாளத்தில், அது போதும் என்று பொருள். மெமரியைச் சோதிக்கும் நிரல் பாதி ஓடியிருக்கும்: அது மதி. பிரதி எடுத்த ஃப்ளாப்பி திரும்பப் படிக்க வருகிறதா என்று பார்க்கப் போவேன். எதற்கு என்பார்: "எந்தினா ஜெயே, காப்பி ஆயல்லோ? அது மதி." அந்த இரண்டு சொல்லுக்கு அவர் வாங்கிய சம்பளத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு சொல்லுக்கு நல்ல விலை கிடைத்திருக்கும்.

முட்டாள் அல்லர். அதுதான் எரிச்சல். முட்டாளாக இருந்தால் மன்னிக்கலாம். பத்துப் படி எவை என்று அவருக்குத் தெரியும். எனக்கே சிலவற்றைச் சொல்லித் தந்தவர் அவர். நான்கு படியை விட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். ஆகிவிட்டால் அதைத் தலையில் வாங்கிக்கொள்ள வேறொருவர் அருகில் இருப்பார் என்பதையும் அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார்.

இனி, எங்கள் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு தொழில்முறையைச் சொல்ல வேண்டும். விற்பனைக் கடை நெய்யாற்றின்கரையில். பழுது பார்க்கும் பட்டறையோ எல்லைக்கு அந்தப்புறம் களியக்காவிளையில். தமிழ்நாட்டுப் பக்கம் வரி குறைவு, உதிரி பாகங்கள் மலிவு என்று முதலாளி அங்கே வைத்திருந்தார். கேரளப் பக்கத்து வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், திரும்பும்போது செக்போஸ்ட்டில் அதைப் புதுச் சரக்கு என்று பிடித்துவைப்பார்கள். காகிதம் கேட்பார்கள். காகிதம் தயாரிக்க முதலாளிக்கு மனம் இல்லை. அதனால் ஒரு விதி உண்டாயிற்று: பெட்டி இங்கேயே இருக்கும், டிஸ்க்கை மட்டும் கழற்றி அந்தப்புறம் கொண்டுபோய், பட்டறை மெஷினில் மாட்டி வேலை செய்து, திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுபோனது சோற்றுப் பாத்திரத்தில். துவர்த்துத் துண்டில் சுற்றி, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து, பஸ்ஸில். செக்போஸ்ட்காரர் ஒருவருக்கு நான் பள்ளிக்கூட டீச்சர் என்று எண்ணம்.

"என்ன டீச்சரே, இண்ணைக்கு என்ன கறி?"

"அயலை."

"மணம் வரேல்லியே?"

"நல்லா மூடியிருக்கேனாக்கும்."

"செரி, செரி. ஒரு நாளு நமக்கும் கொண்டு வாங்க."

பெண்பிள்ளையின் சோற்றுப் பாத்திரத்தை அவர்கள் திறக்க மாட்டார்கள். என்னை வேலைக்கு எடுத்ததற்கு என் இயற்பியல் மதிப்பெண் காரணம் என்று சில காலம் நம்பியிருந்தேன். ஒரு நாள் சுகுமாரன் சார் முதலாளியிடம், "ஆண்பையன்மாரெ விட்டா பேக் திறந்நு நோக்கும் சார்" என்று சொன்னதைக் கேட்டபோது அந்த நம்பிக்கை தீர்ந்தது.

இந்த விதியில் வரித்துறைக்கு என்ன நஷ்டமோ அது வேறு. எனக்குப் பயம் வேறொன்றில். அன்றைய மதர்போர்டுகள் டிஸ்க்கை நேராகப் பார்க்காது. தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டு, அதனால் டிஸ்க்கை அளந்து பார்க்கும். ஒரே நான்கு ஜிபி டிஸ்க்கை, செட்டப்பில் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு போர்டு இருநூற்று ஐம்பத்தைந்து ஹெட், அதாவது படிக்கும் முனை, என்று அளக்கும்; இன்னொன்று இருநூற்று நாற்பது என்று அளக்கும். இரண்டும் உண்மை எண் அல்ல. இரண்டும் வேலைக்கு ஆகும். ஆனால் ஓர் அளவில் கோடு போட்ட டிஸ்க்கை இன்னோர் அளவுள்ள மெஷினில் மாட்டினால் எல்லைகள் எல்லாம் கோணலாகத் தெரியும். டிஸ்க்கும் பெட்டியும் சேர்ந்தே இருக்கும் ஊர்களில் இந்தத் தவறு அநேகமாக நடக்காது. எங்கள் டிஸ்க்குகளோ பெட்டியை விட்டுவிட்டு பஸ் ஏறின. ஆகவே பட்டறை மெஷினையும் வாடிக்கையாளர் மெஷினையும் ஒரே அளவில் வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது நான் வைத்த முதல் படி.

பனச்சமூட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில் ரப்பர் விவசாயிகளின் சங்கம் ஒன்று இருந்தது. உறுப்பினர்கள் ரப்பர் ஷீட்டும் சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலும் கொண்டுவந்து போட்டு, தேவைக்கு முன்பணம் வாங்கிப் போவார்கள். அந்தக் கணக்கெல்லாம் லினக்ஸில் ஓடும் ஒரு நிரலில். திருவனந்தபுரத்து ஆள் ஒருவர் எழுதியது. அது வந்த பிறகு பிரசிடண்டு தங்கப்பனுக்குக் கடிதம் அடிக்க விண்டோஸும் வேண்டும் என்று ஆசை வந்தது. பட்டறை வழியாகக் குறைந்த பில்லில் புது டிஸ்க் வாங்கி, அங்கேயே நான்தான் பிரித்தேன். முதல் பாதி விண்டோஸ், மறுபாதி லினக்ஸ். சங்கத்து மெஷினும் பட்டறை மெஷினும் அப்போது ஒரே அளவு, இருநூற்று ஐம்பத்தைந்து. இரண்டு அமைப்பும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் ஓடின. பிரதி எடுக்க ஒரு டேப் டிரைவ் சேர்க்கச் சொல்லியிருந்தேன். பிரசிடண்டு அதை வெட்டினார். "இதென்ன, பாட்டு கேக்கவா?" என்றார். சுகுமாரன் சார் சிரித்தார். என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை.

கணக்கு அடித்தது லீலா. பி.காம். படித்தவள். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பல வருடமாகத் தற்காலிகம். அந்த ஆண்டுப் பொதுக்குழுவில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். டேப் இல்லாததால் தானாகவே ஃப்ளாப்பியில் பிரதி எடுப்பாள். மலையோர ஈரத்தில் ஃப்ளாப்பி பூஞ்சை பிடிக்கும் என்பதால் அரிசிக்குள் புதைத்தெல்லாம் பார்த்தாள். பாதிக்கு மேல் படிக்க வராது.

நான் ஒரு பயிற்சிக்காக நாகர்கோவில் போயிருந்த வாரத்தில் பிரசிடண்டுக்கு விண்டோஸ் பக்கம் இடம் போதவில்லை. சுகுமாரன் சாரே வந்து டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனார். ஆண் என்றாலும் மேனேஜர். ஸ்கூட்டரை யார் நிறுத்துவார்கள்? பட்டறையில் பழைய மெஷின் போய்ப் புது மதர்போர்டு வந்திருந்தது. அது இருநூற்று நாற்பது என்று அளக்கிற போர்டு. அதை யாரும் பார்க்கவில்லை. கோடுகள் கோணலாகத் தெரிந்தன. லினக்ஸ் பகுதியை டாஸின் பிரிக்கும் நிரல் என்றைக்குமே பெயர் சொல்லிக் காட்டாது. வேறு வகை என்று மட்டும் சொல்லும். விசையை எந்த உதவியாளர் அழுத்தியிருந்தாலும் பின்னால் சாவியைக் குலுக்கிக்கொண்டு நின்றவர் இவர். கோணலான இரண்டையும் அழித்து, விண்டோஸைப் பெரிதாக்கிப் புதுக்கோடு போட்டு, ஃபார்மேட் செய்து, விண்டோஸை மீண்டும் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சங்கத்தில் மாட்டும்போது கரண்ட் இல்லை. மழைக்காலம். கரண்ட் வரும்வரை இருந்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவதுதான் கடைசிப் படி. பார்க்காமல் போய்விட்டார்.

கரண்ட் வந்தது. லீலா சுவிட்சைப் போட்டாள். லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. கறுப்புத் திரையில், இயக்க ஒன்றும் இல்லை என்று ஒரு வரி.

நான் ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை, லீலா வாசலில் நின்றாள். அழவில்லை. என்னைவிடக் கோபமாக இருந்தாள்.

"அக்கா, நான் அதுல ஒண்ணும் அமுக்கேல்ல. அவரு கொண்டு போனாரு, அவரு கொண்டு வந்தாரு. நான் சுவிச்சு போட்டேன். அவ்வளவு தானாக்கும்."

"சுகுமாரன் சார் என்ன சொல்றார்?"

"தரும்போ எல்லாம் உண்டு, ஆப்பரேட்டர் அழிச்சுப் போட்டாண்ணு. இப்ப ஊருல என்ன சொல்லுதாவ தெரியுமா? லீலா கணக்குல கை வச்சா, அது வெளிய வராம இருக்கக் கம்ப்யூட்டரை அழிச்சாண்ணு. எனக்க அப்பா சொசைட்டிக்கு ஷீட்டு கொண்டு போனா, ‘மகளுட்ட குடுத்தியா, அது எப்ப காணாம போகும்’ண்ணு கேக்காவ. பொதுக்குழுவுக்கு முன்னே என்னை வெளியாக்கப் போறாவ."

"உன் இடத்துக்கு?"

"பிரசிடண்டுக்க மச்சினன் மவ கம்ப்யூட்டர் படிச்சு முடிச்சாச்சில்லியா, அக்கா."

எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத்தில் போட்டால் அச்சிட மாட்டார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அதற்குப் பிறகு யாராவது அந்த மெஷினை ஓட்டினார்களா? இல்லை. சுகுமாரன் சார் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் போயாச்சு என்று கையை விரித்துவிட்டுப் போனாராம். அவருடைய சோம்பேறித்தனம் உலகத்துக்குச் செய்த ஒரே உபகாரம் அது. எழுதப்படாத டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கும்.

மறுநாள் பராமரிப்பு ஒப்பந்தப்படி சங்கத்துக்குப் போகிறேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டுப் போனேன். பிரசிடண்டு வராந்தாவில் உறுப்பினர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"சுகுமாரன் சாறு வந்து நோக்கி முடிச்சாச்சு மக்கா. இனி நீ என்னத்த நோக்கப் போறே?"

"நோக்கினதைத்தான் நோக்கப் போறேன்."

"வந்துருமா?"

"வரலாம். லீலா கூட இருக்கணும். எந்த உறுப்பினர் பேர் எங்கே இருக்கும்ணு அவளுக்குத்தான் தெரியும்."

வராந்தாவில் நின்ற சத்தத்துக்குப் பயந்துதான் சம்மதித்தார்.

இளையவர்களே, இந்த இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். இப்படிப்பட்ட டிஸ்க் கையில் வந்தால் முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. எந்த நிரல் "சரிசெய்யட்டுமா?" என்று கேட்டாலும் வேண்டாம் என்பது. ஃப்ளாப்பியிலிருந்து மெஷினை எழுப்பி, டிஸ்க்கின் முதல் செக்டாரை, கெட்டதுதான் என்றாலும், அப்படியே நகல் எடுத்துவைத்தேன். கெட்டதும் சாட்சிதான். அதன் பிறகு, எழுத அனுமதிக்காமல் படிக்க மட்டும் செய்யும் முறையில் செக்டார் எடிட்டரைத் திறந்தேன்.

அன்றைய லினக்ஸ் பகுதி எங்கே தொடங்கினாலும், தொடக்கத்திலிருந்து இரண்டு செக்டார் தள்ளி அதன் தலைப்பு இருக்கும். தலைப்பில் குறிப்பிட்ட இடத்தில் 53, EF என்று இரண்டு பைட். அதுதான் கையொப்பம். டிஸ்க் முழுக்கத் தேட வேண்டும். ஆனால் கண்டதும் குதிக்கக் கூடாது: அதே தலைப்பின் நகல்கள் சம தூரத்தில் உள்ளே பல இடத்தில் உண்டு; வேறு ஏதோ கோப்பில் தற்செயலாக அதே இரண்டு பைட்டும் வரலாம். தேடல் ஓடும், நிற்கும், எண்ணை நான் சொல்வேன், லீலா கால்குலேட்டரில் முந்தைய எண்ணைக் கழித்துப் பார்ப்பாள். இடையில் கரண்ட் போகும். முதலிலிருந்து தொடங்குவோம். பின்னால் ஏலக்காய் மணம் இல்லாததால் அவசரம் இல்லை.

கடைசியில் வரிசை கிடைத்தது. சம தூரத்தில் நகல்கள், அவற்றுக்கு முன்னால் ஒன்று, அதற்கு முன்னால் எதுவும் இல்லை. அந்த எண்ணில் இரண்டைக் கழித்தேன். நான் போட்ட கோடு அங்கே இருந்திருக்க வேண்டும்.

"லீலா, இருநூற்று ஐம்பத்தைந்தை அறுபத்து மூன்றால் பெருக்கு. அதால இதை வகு."

எங்கள் காலத்துப் பிரிக்கும் நிரல்கள் கோட்டை நினைத்த இடத்தில் போடாது. தன் அளவுகோலின், அதாவது ஹெட் எண்ணை ஒரு தடத்துக்கு உள்ள அறுபத்து மூன்று செக்டாரால் பெருக்கிய தொகையின், முழு எண் மடங்கில்தான் போடும்.

"மிச்சம் இல்ல, அக்கா."

அப்படியென்றால் சந்தேகம் இல்லை, அது என் கோடு. பதினாறு பைட்டையும் கையால் எழுதி, லினக்ஸ் ஃப்ளாப்பியில் எழுப்பி, கோப்பு அமைப்பைப் பழுதுபார்க்கும் நிரலை ஓட்டினேன். தலைப்பின் நகலைப் பிடித்துக்கொண்டு அது மேலே ஏறி வந்தது. புது ஃபார்மேட் விழுந்த இடத்தில் ஒரு துண்டு போயிருந்தது. கடைசிச் சில வாரத்துப் பதிவுகள் சில. மீதி எல்லாம், உறுப்பினர் பெயர், ஷீட் எடை, முன்பணம், அப்படியே வந்து நின்றது. லீலா முதலில் தேடியது அவள் அப்பாவின் பெயரை. பிறகு போன துண்டை ரசீதுகளைப் பார்த்துத் திரும்ப அடிக்க உட்கார்ந்தாள்.

நான் கிளம்பும்போது அவள்தான் கேட்டாள்: "அக்கா, அந்த முதல் செக்டாரு நகல் எடுத்தியள்ளா? அதுல புதுசா போட்ட கோடு எங்க உண்டு?"

எண்ணைச் சொன்னேன். வகுத்தாள். "இருநூத்தி அம்பத்தஞ்சுல மிச்சம் வருதே."

"இருநூற்று நாற்பது போட்டுப் பார்."

மிச்சம் இல்லை.

நான் எழுந்து சங்கத்து மெஷினின் செட்டப்பைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். இருநூற்று ஐம்பத்தைந்து, நான் வைத்தது வைத்தபடி. மறுநாள் களியக்காவிளைப் பட்டறைக்குப் போய்ப் புது போர்டின் செட்டப்பைத் திறந்தேன். இருநூற்று நாற்பது. அழித்த கோடு அந்த மேசையில் போடப்பட்டது. சங்கத்து மெஷினில் உட்கார்ந்து லீலா தலைகீழாக நின்றாலும் அந்த இடத்தில் அந்தக் கோட்டைப் போட்டிருக்க முடியாது.

இதை நான் ஊர் முழுக்கச் சொல்லவில்லை. முறைப்படி, பிரசிடண்டையும் சுகுமாரன் சாரையும் சங்க ஆபீசில் உட்காரவைத்து, எண்களோடு சொன்னேன். பிரசிடண்டுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. ரப்பர் தோட்டக்காரர், எல்லை விஷயம் ரத்தத்தில் ஊறியது.

"அப்ப இது அங்க வச்சு போனதாக்கும்" என்றார், மெதுவாக.

சுகுமாரன் சார் என்னைப் பார்க்கவில்லை. "கணக்கு திரும்பி வந்நல்லோ ஜெயே? அது மதி. டிஸ்க் அங்ஙோட்டு போயின்னு வெளியில பறஞ்ஞா கம்பெனிக்கு மாத்ரமல்ல, பில் குறச்சு வாங்கின சொசைட்டிக்கும் பிரச்சனை."

பிரசிடண்டு கூரையைப் பார்த்தார். அங்கே பதில் எழுதியிருந்தது போல. "பின்ன என்ன? கணக்கு வந்தாச்சு. அந்தப் பெண்ணை வெளியாக்கேல்ல. மன்னிச்சாச்சு. நிரந்தரம் அடுத்த வருசம் நோக்கலாம்."

"எதை மன்னிச்சிய?" என்று கேட்டேன்.

"விடு மக்கா."

"செய்யாததை எப்படி மன்னிக்கிறது? அதுக்கு ஏதாவது முறை உண்டா, எனக்குத் தெரியாம?"

சத்தம் போட்டேன் என்றேனே, அது இங்கேதான். வராந்தாவில் ஷீட் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் போட்டேன். சுகுமாரன் சார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று மாலை முதலாளி கூப்பிட்டு, வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பொதுக்குழு சங்கத்தின் எடைக்கூடத்தில் நடந்தது. புகைபோட்ட ஷீட்டின் வாடை, மடக்கு நாற்காலிகள், மேடையாக இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் பலகை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பெண் உறுப்பினர்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். மேடையில் பிரசிடண்டுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். சுகுமாரன் சார். வெள்ளைச் சட்டை. கௌரவ விருந்தாளி.

பிரசிடண்டு மைக்கைப் பிடித்தார். "நம்ம சங்கத்துக்க கம்ப்யூட்டருல ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு. ஆப்பரேட்டர் பிள்ளைக்க அறியாமெ. நாம எல்லாரும் பிள்ளை பெத்தவங்க, பொறுத்தாச்சு. அந்தக் கணக்கை ராத்திரி பகலு பாக்காம மீட்டுத் தந்தது நம்ம சுகுமாரன் சாறு. அவருக்குச் சங்கத்துக்க பேருல ஒரு பொன்னாடை."

கைதட்டினார்கள். பொன்னாடைத் தட்டை யாரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள் தெரியுமா? லீலாவிடம். அவள் தட்டை ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனாள். மேசையில் வைத்தாள். பிரசிடண்டு பொன்னாடையை எடுக்கக் குனிந்த நேரத்தில் மைக்கின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு காரியம் சொல்லணும்."

"லீலே, பொறவு" என்றார் பிரசிடண்டு.

அவள் திரும்பவில்லை. "இஞ்ச இருக்கிய எல்லாருக்கும் நிலம் உண்டு. எல்லாருக்கும் எல்லை வழக்கும் உண்டு."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பொய் இல்லையே.

"ஒரே பூமிய ரெண்டு சங்கிலி வச்சு அளந்தா, கல்லு ரெண்டு இடத்துல விழும். நேரா?"

"நேராக்கும்" என்று நாலைந்து குரல் ஆமோதித்தது.

"கணக்கு வச்சிருக்கிய டிஸ்க்கும் பூமி போலத்தான். ஒவ்வொரு மெஷினுக்கும் அதுக்குண்டான சங்கிலி. எனக்க மெஷினுக்க சங்கிலி இருநூத்தி அம்பத்தஞ்சு. நம்ம கணக்க அழிச்சுப் போட்ட கல்லு இருநூத்தி நாப்பதுல நிக்குது. நான் வகுத்துப் பாத்தேன். யாரு வேணும்னாலும் வந்து வகுத்துப் பாக்கலாம். அந்தச் சங்கிலி இந்த ஆபீசுல இல்ல. ஒரு காலத்துலயும் இல்ல."

"மக்கா, இது அதுக்கான இடம் இல்ல" என்று பிரசிடண்டு மைக்குக்குக் கை நீட்டினார். அவள் மைக்கை விடவில்லை.

"எனக்கு மன்னிப்பு வேண்டாம் அண்ணாச்சி. நான் ஒண்ணும் செய்யேல்ல."

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். பாதித் தோட்டத்தை எல்லை வழக்குக்கே விற்றவர் என்று பக்கத்தில் இருந்த பெண் என் காதில் சொன்னாள். ஒரு கையை உயர்த்தி, நிலம் அளக்க வந்த கோர்ட் அமீனிடம் கேட்பது போலக் கேட்டார்:

"பிள்ளே, அந்தச் சங்கிலி பின்ன எங்க உண்டு?"

"களியக்காவிளையில" என்றாள் லீலா. "டிஸ்க்கு அங்க போயிட்டு வந்துச்சு. கொண்டு போனவரு இஞ்ச இருக்காரு. கேளுங்க."

கூடம் முழுக்க நாற்காலிகள் கிரீச்சிட்டன. எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியது. சுகுமாரன் சார் தன் முன்னால் தட்டில் மடித்து வைத்திருந்த பொன்னாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீயும் வடையும் வந்துவிட்டது, எல்லோரும் வெளியே வரலாம் என்று பிரசிடண்டு மைக் இல்லாமலே உரக்க அறிவித்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.